காரணம் தெரியாத நரம்புத் தொந்தரவுகள்: என்ன நோய் என்று தேடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மரத்துப்போதல், நடுக்கம், தள்ளாட்டம், கை கால் பலவீனம், பார்வை மங்கல், நினைவு தப்புதல் என்று ஏதோ ஒன்று வந்து மாதக்கணக்கில் ஆகியும் என்ன நோய் என்று தெரியாமல் அலைபவர்கள் உண்டு. அவர்களுக்காகவும், அவர்களோடு சேர்ந்து அலையும் குடும்பத்தாருக்காகவும் இந்தக் கேள்வி பதில்கள். இதைப் படித்துவிட்டு நீங்களே நோயை முடிவு செய்யாதீர்கள். டாக்டரிடம் சரியான விவரத்தோடும் சரியான கேள்வியோடும் போவதற்கு இது உதவும்.

எல்லா ரிப்போர்ட்டும் நார்மல் என்கிறார்கள். அப்படியானால் எனக்கு ஒன்றும் இல்லையா?

அப்படி இல்லை. அந்தச் சோதனை எந்தக் கோளாறைத் தேடியதோ, அது தேடிய இடத்தில் அன்றைக்குத் தென்படவில்லை. நார்மல் ரிப்போர்ட் சொல்வது அவ்வளவுதான்.

எம்ஆர்ஐ மூளையின் அமைப்பைக் காட்டும். மூளை எப்படி வேலை செய்கிறது என்பதை வழக்கமான எம்ஆர்ஐ காட்டாது. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஸ்கேன் நார்மல்தான். வலிப்பு நோய் உள்ள பலருக்கும் அப்படியே. நடுக்கமும் விறைப்பும் தரும் பார்க்கின்சன் நோயின் தொடக்கத்திலும் வழக்கமான எம்ஆர்ஐயில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. மயஸ்தீனியா என்று ஒரு நோய் உண்டு. நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் வரும் கோளாறு அது. காலையில் நன்றாக இருப்பவருக்குப் பொழுது ஏற ஏற இமை சரியும், பேச்சு குழறும். அதை மூளை ஸ்கேனில் பார்க்க வழியே இல்லை.

நரம்பில் மின்துடிப்பு எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் சோதனையும் பருத்த நரம்பிழைகளை மட்டுமே அளக்கிறது. வலியையும் சூட்டையும் உணர்த்தும் மெல்லிய இழைகள் கெட்டுப்போனால் பாதம் எரிந்துகொண்டே இருக்கும், ரிப்போர்ட் நார்மல் என்றே வரும். அதைக் கண்டுபிடிக்கத் தோலில் சிறு துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

அதற்காக நார்மல் ரிப்போர்ட்டை வீண் என்று தூக்கிப் போட வேண்டாம். கட்டி இல்லை, ரத்தக் கசிவு இல்லை என்று தெரிவது பெரிய விஷயம். "இந்தச் சோதனையால் எந்தெந்த நோய்கள் இல்லை என்று உறுதியாகிவிட்டது, எவை இன்னும் பாக்கி இருக்கின்றன?" இந்த ஒரு கேள்வியை ஒவ்வொரு ரிப்போர்ட் வரும்போதும் கேளுங்கள்.

எந்த அறிகுறி வந்தால் காத்திருக்கவே கூடாது?

முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தொங்கிவிடுவது, பேச்சு குழறுவது திடீரென்று வந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக முதல் 4.5 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். சற்று நேரத்தில் சரியாகிவிட்டாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள், அது அடுத்து வரப்போகும் பெரிய அடைப்பின் முன்னறிவிப்பாக இருக்கலாம்.

ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும் கடுமையான தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, 5 நிமிடத்துக்கு மேல் நிற்காத வலிப்பு, திடீர்ப் பார்வை இழப்பு, புதிதாக வந்த மனக்குழப்பம் இவையும் அவசரப் பிரிவுக்குரியவை. இன்னும் இரண்டு பலருக்குத் தெரிவதில்லை. முதலாவது: இடுப்பு வலியோடு பிறப்புறுப்பைச் சுற்றியும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போய், சிறுநீர் கழிக்க முடியாமல் போவது. முதுகெலும்பின் அடியில் உள்ள நரம்புக் கொத்து நசுங்கினால் இப்படி ஆகும், அறுவை சிகிச்சை தாமதமானால் பாதிப்பு நிலைத்துவிடும். இரண்டாவது: காலில் தொடங்கிய பலவீனம் சில நாட்களில் மேலே ஏறிக்கொண்டே போவது. இது உடலின் எதிர்ப்புச் சக்தியே வெளி நரம்புகளைத் தாக்கும் கில்லன் பாரே நோயாக இருந்தால் மூச்சுத் தசைகளையும் பிடிக்கும். விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் வரும்வரை வீட்டில் இருக்கக் கூடாது.

நேராக நரம்பியல் மருத்துவரிடம் போகலாமா?

மேலே சொன்ன அவசரம் எதுவும் இல்லையென்றால் பொது மருத்துவரிடம் தொடங்குவதே நல்லது. நரம்பைப் பாதிக்கும் சாதாரணக் காரணங்கள் பல, எளிய ரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும். சர்க்கரை, தைராய்டு, வைட்டமின் பி12, சோடியம், கால்சியம், சிறுநீரக, ஈரல் பரிசோதனைகள் ஆகியவற்றை அவரே பார்த்துவிடுவார்.

பி12 பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மரத்துப்போகிறது என்றதும் பலர் முதலில் பி12 ஊசி போட்டுக்கொள்கிறார்கள், பிறகு ரத்தம் எடுக்கிறார்கள். அப்போது அளவு உயர்ந்து தெரியும், உண்மையில் குறைபாடு இருந்ததா என்பது தெரியாமலே போய்விடும். முதலில் ரத்தம், பிறகு ஊசி. ரத்தசோகை இல்லை என்பதால் பி12 குறைபாடும் இல்லை என்று நினைக்க வேண்டாம். ரத்தசோகை இல்லாமலே நரம்பு கெடலாம். அளவு எல்லைக்கோட்டில் இருந்தால் மெத்தில்மலோனிக் அமிலம் என்ற சோதனை தெளிவு தரும்.

இளம் வயதில் நடுக்கமோ பேச்சுக் குழறலோ வந்தால் வில்சன் நோயையும் பார்த்துவிட வேண்டும். உடலில் தாமிரம் சேர்ந்துவிடும் பரம்பரை நோய் இது. அரிதுதான், ஆனால் மருந்தால் கட்டுப்படுத்தக்கூடியது. அதனால்தான் கேட்டுவிடச் சொல்கிறேன்.

டாக்டரிடம் எதைச் சொல்ல வேண்டும்? பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் எப்படிச் சொல்வது?

நரம்பியலில் மிக முக்கியமான சோதனை நீங்கள் சொல்லும் விவரம்தான். எந்த ஸ்கேனும் அதற்கு ஈடாகாது. ஆனால் பெரும்பாலோர் நடந்ததைச் சொல்லாமல் முந்தைய டாக்டர்கள் சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கிறோம். "டிஸ்க் தேய்ந்திருக்கிறது என்றார்கள்" என்று தொடங்கினால் புது டாக்டரின் யோசனையும் அந்தப் பாதையிலேயே போய்விடும். "மூன்று மாதமாக இடது காலில் செருப்பு நழுவுகிறது, எனக்குத் தெரிவதே இல்லை" என்று சொன்னால் அவருக்கு நிறையத் தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும்விட அவர் தேடுவது வேகத்தை. நொடியில் வந்தால் ரத்தக்குழாயையோ வலிப்பையோ நினைப்பார். பார்வையில் மின்னல் கோடுகளோ கையில் மரத்துப்போதலோ சில நிமிடங்களில் மெல்லப் பரவி ஒரு மணி நேரத்துக்குள் மறைந்தால் ஒற்றைத் தலைவலியின் முன்னறிகுறியாக இருக்கலாம். தலை வலிக்காமலும் அது வரலாம். சில மணி நேரமோ நாட்களோ எடுத்து வளர்ந்தால் அழற்சியை நினைப்பார். மாதங்கள், ஆண்டுகள் என்று ஊர்ந்து வந்தால் சத்துக் குறைபாடு, நரம்புத் தேய்வு, பரம்பரை நோய், மெதுவாக வளரும் அழுத்தம் என்று யோசனை போகும். ஆகவே முதலில் எப்போது கவனித்தீர்கள், எவ்வளவு நேரத்தில் உச்சத்துக்குப் போனது, பிறகு குறைந்ததா, நின்றதா, ஏறிக்கொண்டே வருகிறதா என்பதைத் தேதியோடு ஒரே பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம் இடம். ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா? கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் இரவில் மரத்து, கையை உதறினால் சரியாகிறது என்றால் மணிக்கட்டில் நரம்பு நசுங்குவதைத்தான் முதலில் நினைப்பார்கள், மூளை ஸ்கேன் தேவைப்படாமலே போகலாம். வயிற்றில் ஒரு கோட்டுக்குக் கீழே எல்லாம் மரத்திருக்கிறது என்றால் முதுகுத் தண்டுவடம். இரண்டு பாதத்திலும் தொடங்கி காலுறை போட்ட மாதிரி மேலே ஏறுகிறது என்றால் வெளி நரம்புகள்.

தலைசுற்றல் என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். அறை சுழல்கிறதா, கண் இருட்டி விழப்போவது போல இருக்கிறதா, தலை தெளிவாக இருந்தும் கால் நிலைக்கவில்லையா என்று சொல்லுங்கள். படுக்கையில் திரும்பும்போது வருகிறதா, எழுந்து நிற்கும்போது வருகிறதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சிறுநீர், மலச்சிக்கல், பாலுறவு தொடர்பான மாற்றங்களைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். தண்டுவடப் பாதிப்பின் தடயம் பல நேரம் அங்கேதான் கிடைக்கிறது.

வந்து வந்து போகிறது. டாக்டர் முன்னால் மட்டும் வருவதில்லை. என்ன செய்வது?

வீடியோ எடுங்கள். வலிப்பு மாதிரி எது வந்தாலும் முதலில் அவர் அடிபடாமல் பார்த்துக்கொண்டு, பிறகு முகமும் இரண்டு கைகளும் தெரியும்படி, முடியும்வரை, முடிந்த பிறகும் ஒரு நிமிடம் எடுங்கள். கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா, தெளிய எவ்வளவு நேரம் ஆகிறது என்பதெல்லாம் டாக்டருக்குப் பெரிய தடயங்கள். பார்த்த ஆளையும் கூட அழைத்துப் போங்கள். நினைவு தப்பியவரால் நடந்ததைச் சொல்ல முடியாது. சாதாரண மயக்கத்திலும் கை கால் சில நொடிகள் வெட்டும் என்பது பலருக்குத் தெரியாததால், அதை வலிப்பு என்று நினைத்து ஆண்டுக்கணக்கில் மாத்திரை சாப்பிடுபவர்களும் உண்டு.

சுத்தியலால் தட்டுவது, உள்ளங்காலில் கோடு இழுப்பது எல்லாம் இந்தக் காலத்திலும் தேவையா?

ரொம்பவே தேவை. மூளை, தண்டுவடம், நரம்பு வேர், வெளி நரம்பு, நரம்பு தசைச் சந்திப்பு, தசை என்று கோளாறு எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். எங்கே என்று தெரியாமல் எதை ஸ்கேன் எடுப்பது? முழங்காலில் தட்டும்போது கால் அளவுக்கு மீறி உதறினால் மூளையோ தண்டுவடமோ காரணமாக இருக்கலாம், உதறவே இல்லையென்றால் பெரும்பாலும் நரம்போ வேரோ காரணம். உள்ளங்காலில் கோடு இழுக்கும்போது பெருவிரல் மேலே தூக்குவதை ஜோசப் பாபின்ஸ்கி 1896இல் விவரித்தார். அன்று முதல் இன்றுவரை நம்பகமான தடயங்களில் அது ஒன்று. நடக்கச் சொல்லாமல், தட்டிப் பார்க்காமல் எம்ஆர்ஐ மட்டும் எழுதிக் கொடுத்தால் அந்தப் பரிசோதனை முழுமையானதில்லை என்றே நான் நினைக்கிறேன்.

தலை முதல் கால் வரை எம்ஆர்ஐ எடுத்துவிட்டால் நிம்மதிதானே?

பல நேரம் நிம்மதி போய்விடும். எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கு ஸ்கேன் எடுத்தாலும் டிஸ்க் பிதுக்கம் தெரியும், வயதோடு அது கூடிக்கொண்டே போகும். மூளையின் வெள்ளைப் பகுதியில் சிறு புள்ளிகளும் அப்படித்தான். வயது, ரத்த அழுத்தம், ஒற்றைத் தலைவலி இவற்றோடு அவை வருகின்றன. ரிப்போர்ட்டில் அந்த வரியைப் படித்துவிட்டு மூளை, தண்டுவட நரம்பிழைகளின் உறையை உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்கும் மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் என்று தூக்கம் தொலைப்பவர்கள் பலர். அந்த நோயில் புள்ளிகள் இருக்கும் இடமும் வடிவமும் வேறு.

இன்னொரு பக்கம், தவறான இடத்தை எடுப்பதும் நடக்கிறது. இரண்டு காலும் விறைத்து நடை மாறினால் இடுப்புப் பகுதியை மட்டும் ஸ்கேன் எடுத்து நார்மல் என்று அனுப்பிவிடுவார்கள். பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பு எலும்பு வரிசையின் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. கோளாறு கழுத்திலோ நெஞ்சுப் பகுதியிலோ இருந்தால் அந்த ஸ்கேனில் எப்படித் தெரியும்? எந்தப் பகுதியை, எதைத் தேடி எடுக்கிறோம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்ற சோதனைகளை எவ்வளவு நம்பலாம்?

மூளையின் மின்துடிப்பைப் பதிவு செய்யும் இஇஜி ஒரு முறை நார்மலாக வந்ததால் வலிப்பு இல்லை என்று ஆகாது. வலிப்பு நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு முதல் இஇஜியில் ஒன்றும் தெரிவதில்லை. தூக்கத்தைக் குறைத்துவிட்டு எடுப்பது, வீடியோவோடு நாள் கணக்கில் பதிவு செய்வது என்று அடுத்த படிகள் உண்டு. தசையில் ஊசி வைத்துப் பார்க்கும் இஎம்ஜி, நரம்பு அடிபட்டு ஏறக்குறைய மூன்று வாரம் ஆன பிறகே முழு மாற்றத்தையும் காட்டும். அவசரப்பட்டு முதல் வாரத்தில் எடுத்தால் ஏமாற்றும்.

மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்துள்ள நீரைச் சோதிக்க முதுகில் ஊசி வைத்து எடுப்பார்கள், அதற்குப் பலர் பயப்படுகிறார்கள். ஊசி போகும் இடம் தண்டுவடம் முடிந்ததற்குக் கீழே. சிலருக்குப் பிறகு தலை வலிக்கும், படுத்தால் குறையும், பெரும்பாலும் தானாகச் சரியாகும். அழற்சியா, தொற்றா என்று பிரித்துச் சொல்ல அந்த நீர் அளவுக்கு உதவும் சோதனை குறைவு.

நான் சாப்பிடும் மாத்திரையே காரணமாக இருக்குமா?

இருக்கலாம், முதலில் பார்க்க வேண்டியதும் அதுதான். சர்க்கரைக்கு நீண்ட நாள் சாப்பிடும் மெட்ஃபார்மின் பி12ஐக் குறைக்கும். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைடும், தலைசுற்றலுக்குக் கொடுக்கும் சின்னரிசினும் பார்க்கின்சன் போன்ற நடுக்கத்தையும் விறைப்பையும் கொண்டுவரலாம். வலிப்புக்கான வால்ப்ரோயேட், மனநிலைக் கோளாறுக்கான லித்தியம், மூச்சிரைப்புக்கான சால்பியூட்டமால் கையை நடுங்க வைக்கும். கொழுப்பு மாத்திரைகளான ஸ்டாட்டின் சிலருக்குத் தசை வலி தரும். நரம்புக்கு நல்லது என்று அதிக அளவில் மாதக்கணக்காகச் சாப்பிடும் வைட்டமின் பி6 மாத்திரையே நரம்பைக் கெடுக்கும். வலி மாத்திரையை மாதத்தில் பத்துப் பதினைந்து நாட்கள் சாப்பிட்டால் அதனாலேயே தலைவலி நிலைத்துவிடும்.

எல்லா மாத்திரை அட்டைகளையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். மதுப் பழக்கம் இருந்தால் அளவைக் குறைத்துச் சொல்ல வேண்டாம். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

சதை துடிக்கிறது. இணையத்தில் தேடினால் ஏஎல்எஸ், அதாவது தசையை இயக்கும் நரம்புகள் அழிந்துகொண்டே போகும் நோய், என்று வருகிறது.

இந்தப் பயம் எவ்வளவு கொடியது என்று தெரியும், அதனால் நேராகவே சொல்கிறேன். இமையிலும் கெண்டைச்சதையிலும் வரும் துடிப்பு ஆரோக்கியமானவர்களுக்கும் சாதாரணமாக வருவது. தூக்கக் குறைவும் காபியும் பதற்றமும் அதைக் கூட்டும், கவனிக்கக் கவனிக்க இன்னும் கூடும். ஏஎல்எஸ் நோயின் முகம் துடிப்பு அல்ல, பலவீனம். பட்டன் போட முடியாமல் போவது, பாதம் தொங்கித் தடுக்குவது, பேச்சு குழறுவது, சதை மெலிவது என்று மாதத்துக்கு மாதம் கூடிவரும். டாக்டர் பரிசோதித்துப் பலம் சரியாக இருக்கிறது, இஎம்ஜியும் சரி என்றால் அந்தத் தேடலை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

"உடம்பில் ஒன்றும் இல்லை, எல்லாம் மன அழுத்தம்" என்று சொல்லிவிட்டார். என்னை நம்பவில்லை என்றுதானே அர்த்தம்?

இதைக் கேட்டுக் கண்ணீரோடு வெளியே வருபவர்களை நினைத்தால் மனது கனக்கிறது. இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஸ்கேன் நார்மல், ஆகவே மன அழுத்தம் என்று சொல்வது நோயைக் கண்டுபிடித்தது ஆகாது. அதை ஏற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

ஆனால் செயல்சார் நரம்பியல் கோளாறு என்று உண்மையாகவே ஒரு நோய் உண்டு. நரம்பின் அமைப்பு கெடாமல், மூளை உடலை இயக்கும் விதம் தடம் மாறிவிடுவது அது. அரிதான நோயும் இல்லை. நரம்பியல் மருத்துவரிடம் வருபவர்களில் கணிசமானவர்களுக்கு இதுதான் இருக்கிறது. இது நடிப்பு இல்லை. கால் வராதபோது அவருக்கு உண்மையிலேயே வருவதில்லை. இதற்கென்று நேரடி அறிகுறிகள் உண்டு. பலவீனமான காலைக் கீழே அழுத்தச் சொன்னால் பலம் இருக்காது, மற்ற காலை எதிர்ப்பை மீறித் தூக்கச் சொல்லும்போது அதே பலவீனமான கால் தானாகப் பலமாக அழுத்தும். 1908இல் சார்லஸ் ஹூவர் விவரித்த பரிசோதனை இது. நடுக்கம் என்றால், மற்ற கையால் ஒரு தாளத்தில் தட்டச் சொல்வார்கள், நடுங்கும் கை அந்தத் தாளத்துக்கு மாறும் அல்லது நின்றுவிடும். இவற்றைக் கண்ணால் கண்டு சொல்வதுதான் முறையான முடிவு. மனக்காயம் இருந்தே தீர வேண்டும் என்ற நிபந்தனையை அமெரிக்க உளநல மருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டு வரையறையே எடுத்துவிட்டது.

ஆகவே கோபப்படாமல் கேளுங்கள்: "எந்த அறிகுறியைப் பார்த்து இப்படிச் சொல்கிறீர்கள்? எனக்கும் காட்டுங்கள்." காட்டினால் அது நல்ல செய்தி. இதற்கென்றே வடிவமைத்த இயன்முறைப் பயிற்சியால் (பிசியோதெரபி) பலருக்கு முன்னேற்றம் கிடைக்கிறது. பிற்பாடு வேறு நோய் என்று தெரியவருவதும் குறைவு. 1970களுக்குப் பின் வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2005இல் பார்த்தபோது அது சராசரியாக 4 சதவீதம்தான். இரண்டும் சேர்ந்தே ஒருவருக்கு இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். உண்மையான வலிப்பு நோயோடு செயல்சார் வலிப்பும் வரும் ஆட்கள் உண்டு.

"காத்திருந்து பார்ப்போம்" என்றால் கைவிட்டுவிட்டார் என்று பொருளா?

எப்போது திரும்ப வரவேண்டும், எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தால் அது கைவிடுவது இல்லை. சில நோய்களுக்குக் காலம்தான் சோதனை. மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் வரையறையே நீண்ட காலம், பாதிப்பு நரம்பு மண்டலத்தின் வேறு வேறு இடங்களிலும் வேறு வேறு காலத்திலும் வந்ததைக் காட்டும் சான்றுகளின் மேல்தான் நின்றது. எதுவும் சொல்லாமல் அனுப்பினால் நீங்களே தேதி கேட்டு வாங்குங்கள்.

மருத்துவமும் நகர்கிறது. எதிர்ப்பொருள் என்பது நோயை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதம், சில நோய்களில் அது உடலையே தாக்கும். மயஸ்தீனியாவில் அப்படிப்பட்ட மஸ்க் எதிர்ப்பொருளை 2001இல்தான் கண்டுபிடித்தார்கள். பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் ஒரு நோய்க்கான எதிர்ப்பொருள் 2004இல் தெரியவந்தது. மனநோய் போலத் தொடங்கி வலிப்பில் போய் நிற்கும் என்எம்டிஏ மூளை அழற்சிக்கான எதிர்ப்பொருளை 2007இல் கண்டார்கள், சிகிச்சையால் பெரும்பாலோர் தேறும் நோய் அது. மரபணுச் சோதனையும் இப்படித்தான். பொருள் தெரியாத மாற்றம் என்று வந்த ரிப்போர்ட்டைச் சில ஆண்டுகள் கழித்து மறு ஆய்வு செய்தால் விடை கிடைப்பதுண்டு. சில மரபணுக் கோளாறுகள் வழக்கமான மரபணு வரிசைச் சோதனையில் தப்பிவிடும், தனியாகக் கேட்டுச் செய்ய வேண்டும்.

வேறு டாக்டரிடம் கருத்துக் கேட்பது மரியாதைக் குறைவா?

இல்லவே இல்லை. ரிப்போர்ட் தாளோடு நிறுத்திவிடாமல் ஸ்கேன் படங்கள் உள்ள சிடியையும் கொண்டுபோங்கள். புது டாக்டர் படத்தைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். ஆனால் மாதம் ஒரு டாக்டர் என்று மாறிக்கொண்டே இருந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். ஆறு மாதத்துக்கு முன் உங்கள் நடை எப்படி இருந்தது என்று தெரிந்த ஒருவர் வேண்டும். ஒருவரை நிலையாக வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது இன்னொருவரைக் கேட்பதே என் பரிந்துரை.

வீட்டில் யாரும் நம்பவில்லை.

டாக்டரிடம் போகும்போது அவர்களில் ஒருவரைக் கூட்டிப்போங்கள். பரிசோதனையில் கால் உதறுவதையோ நடை தள்ளாடுவதையோ நேரில் பார்ப்பவர் மனம் மாறுவார். வெளியே தெரியாத வலியும் சோர்வும் இவர்களுக்குப் புரிய நாளாகும்.

நோயின் பெயர் தெரியும்வரை எப்படிச் சமாளிப்பது?

பெயர் தெரியாமலே தொந்தரவுக்குச் சிகிச்சை செய்யலாம். நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின், பிரிகாபலின் போன்ற மருந்துகள் காரணம் எதுவானாலும் உதவக்கூடும். தள்ளாட்டத்துக்கு இயன்முறைப் பயிற்சியும் கைத்தடியும் உண்டு. தூக்கமும் மனச்சோர்வும் கவனிக்கப்பட வேண்டியவை. நிச்சயமின்மையோடு வாழ்வதே ஒரு சுமை, அதற்கு மனநல உதவி கேட்பதால் உங்கள் நோய் மனநோய் என்று ஆகிவிடாது.

நினைவு தப்பிய அனுபவம் ஒரு முறை இருந்தாலும் டாக்டர் சரி என்று சொல்லும்வரை வண்டி ஓட்டாதீர்கள், தனியாக நீந்தாதீர்கள், உயரத்தில் ஏறாதீர்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் தினமும் இரவில் உள்ளங்காலைப் பாருங்கள், வெந்நீரைக் கையால் தொட்டுப் பார்த்த பிறகே காலில் ஊற்றுங்கள். புதிதாக ஒரு பக்கம் பலவீனம், சிறுநீர்க் கட்டுப்பாட்டில் மாற்றம், விழுங்குவதில் சிரமம் வந்தால் அடுத்த சந்திப்புத் தேதிவரை பொறுக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.